ரங்கம்மா வாங்கிய கைநாட்டு

உத்தனப்பள்ளியிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் ஒன்றரை மைல் நடந்து, வலது பக்கம் பிரியும் வண்டித் தடத்தில் இறங்கினால் சின்னகுட்டை வரும். நாற்பது வீடுகள் இருந்தால் அதிகம். அதில் கிருஷ்ணப்பன் வீட்டுக்கு இரண்டு ஏர் மாடும், மழையை நம்பிய கேழ்வரகுக் கொல்லையும், கோடையிலும் வற்றாத ஒரு கமலைக் கிணறும் இருந்தன. அந்த வீட்டில்தான் அவன் அக்கா ரங்கம்மா இருந்தாள்.

பத்தொன்பது வயதில் புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவள். பிள்ளை இல்லை. வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. தம்பி அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. தம்பி பெண்டாட்டியும் பேசியதில்லை. ஆனாலும் கல்யாணம், காதுகுத்து என்றால் ரங்கம்மா அவளாகவே கொல்லைப்புறம் போய் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள் தெருமுனை தாண்டும்வரை வெளியே வரமாட்டாள். அப்படி இருப்பது அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிப் போயிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில், சரோஜம்மாள் என்ற கிராம சேவிகா உத்தனப்பள்ளிக்கு வந்தாள். சேலத்துப் பெண். இருபத்துநாலு வயது இருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சங்கம் அமைத்துக் கொடுப்பது அவள் உத்தியோகம். பையன்கள் சங்கம் ஒரே வாரத்தில் அமைந்துவிட்டது. ஒரு பந்தும் வலையும் கொடுத்தால் போதும், அவர்களே கூடிவிட்டார்கள். பெண்பிள்ளைகள் சங்கம்தான் இழுத்தது. உத்தனப்பள்ளியில் ஒரு பெரிய விவசாயி, சும்மா கிடந்த பழைய ராகிக் கிடங்கைக் கொடுத்தார். இடம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

சரோஜம்மாள் சின்னகுட்டைக்கு நடந்தே வந்தாள். வேப்பமரத்தடியில் தாய்மார்களைக் கூட்டி, எழுத்து, தையல், காய்கறிப் பாத்தி, விளையாட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி கேட்டாள்.

"எல்லாம் செரிதான். வயசு வந்த புள்ளைங்கள ஒன்ற மைலு யாரு கூட்டிக்கினு போயி, யாரு கூட்டிக்கினு வர்றது? ரோட்டுல லாரி போவுது. ஆம்பளைங்க போறாங்க. எங்களுக்குக் கொல்லை வேல கெடக்குது."

கொஞ்சம் தள்ளி, சுவரில் வறட்டி தட்டிக்கொண்டிருந்த ரங்கம்மா, கையைத் துடைக்காமலேயே திரும்பினாள்.

"நான் போறன்."

ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் நினைப்பது அவளுக்குப் புரிந்தது. வெறும் நெற்றிக்காரி முன்னால் போக, கல்யாணம் ஆகவேண்டிய பெண்கள் பின்னால் போவதா?

"நான் முன்னால போவலம்மா, பின்னாடி வர்றன்" என்றாள். "ஆடு ஓட்டறவன் பின்னாடிதான வர்றான்?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் விஷயம் முடிந்தது. ஆறு பெண்கள் சேர்ந்தார்கள்.

புதன், சனி இரண்டு நாளும் மத்தியானக் களியைத் தின்றுவிட்டுக் கிளம்புவார்கள். பெண்கள் முன்னால் கதை பேசிக்கொண்டு போவார்கள். இருபது தப்படி பின்னால் ரங்கம்மா. பொழுது சாய்வதற்குள் ஒவ்வொருத்தியையும் அவளவள் வாசலில் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். "வாரத்துக்கு ரெண்டு நாளு களையெடுக்கற ஆளு கொறையுது" என்று கிருஷ்ணப்பன் ஒருமுறை சொன்னான். அதற்கப்புறம் அந்த இரண்டு நாளும் அவள் கோழி கூவும்போதே எழுந்து தன் பங்கு வேலையை முடித்துவிடுவாள். அவன் மறுபடி அதைப் பற்றிப் பேசவில்லை.

முதலில் அவள் கிடங்கின் வாசற்படியோடு நின்றுகொள்வாள். சரோஜம்மாள் விடவில்லை. பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை அவளைக் காட்டித்தரச் சொன்னாள். விளையாட்டில் யார் கோட்டைத் தாண்டினார்கள் என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் கொடுத்தாள். ரங்கம்மா கையில் ஒரு குச்சியோடு கோட்டருகே குந்திக்கொள்வாள். அவள் "இல்ல" என்றால் இல்லைதான், மறுபேச்சு கிடையாது. மாதம் ஒருமுறை தாய்மார்கள் வந்து பார்ப்பார்கள். ஒருத்தி வறுத்த கடலை கொண்டுவருவாள். ஒருத்தி பிய்ந்த வலையை முடிந்து கொடுப்பாள். ஒருத்தியின் புருஷன் வலை கட்ட இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கொடுத்தான். நாகம்மா மட்டும் முதல் மாதம் வந்ததோடு சரி. அவள் புருஷன் சென்னப்பனுக்குப் பிடிக்கவில்லை. மகள் சம்பங்கி தையல் கற்கப் போகிறாள் என்ற அளவில்தான் அவன் விட்டுவைத்திருந்தான்.

சம்பங்கிக்கு வயது பதினைந்து. நெடுநெடுவென்று வளர்ந்தவள். ஊசி பிடிக்கச் சொன்னால் தூங்கி வழிவாள். வலைக்கு முன்னால் நின்றால் வேறு ஆள். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலாக எறிந்து, எதிராளி ஒரே கையால் பிடிக்கவேண்டிய விளையாட்டு. சம்பங்கிக்கு நொட்டாங்கைப் பழக்கம், எதற்கும் இடது கைதான் முன்னால் வரும். அதற்காக வீட்டில் அப்பனிடம் சூடு வாங்கிய தழும்புகூட உண்டு. இங்கே அந்தக் கையால் எறிந்த வளையம் எதிராளி நினைக்காத பக்கத்திலிருந்து வந்து விழுந்தது. ஒரு வருஷத்தில் உத்தனப்பள்ளிப் பெண்கள் யாராலும் அவளை ஜெயிக்க முடியவில்லை.

அடுத்த வருஷம் மாசியில் கிருஷ்ணகிரியில் சங்கங்களுக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். போகிற பெண்ணின் அப்பனோ ஆத்தாளோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். சரோஜம்மாள் சம்பங்கியின் காகிதத்தை ரங்கம்மா கையில் கொடுத்தாள்.

"அவங்க அப்பாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்கக்கா. உங்க ஊருக்காரர்தானே."

அந்தக் காகிதம் நாலு நாள் ரங்கம்மாவிடம் இருந்தது. இரண்டு தடவை சென்னப்பன் வீட்டு வாசல்வரை போனாள். முதல் தடவை அவன் ஏருக்கு மாடு பூட்டிக்கொண்டிருந்தான். வேலைக்குக் கிளம்புகிறவன் எதிரில் போய் நிற்பதா என்று திரும்பிவிட்டாள். இரண்டாம் தடவை அவன் சும்மாதான் உட்கார்ந்திருந்தான். அப்போதும் திரும்பிவிட்டாள். ஐந்தாம் நாள் அவன் மாடு வாங்க ஓசூர்ப் பக்கம் போய்விட்டான். வர மூன்று நாளாகும் என்றார்கள். அதைக் கேட்டதும் ரங்கம்மாவின் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதே தப்பு என்று பின்னால் பல வருஷம் நினைத்துக்கொண்டாள்.

கொல்லைப்புறப் படலைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். நாகம்மா அடுப்படியில் இருந்தாள்.

"அவரு வந்துடட்டும்க்கா. ஒரு வார்த்த கேட்டுக்கறன்" என்றாள் நாகம்மா.

"அவரு வர்றதுக்குள்ள போட்டியே முடிஞ்சிரும் நாகம்மா. காலையில போயி சாயந்தரம் வந்துருவம். நான் கூட இருக்கறன் இல்ல?"

"தெரிஞ்சா என்ன உயிரோட விடமாட்டாரு."

"தெரிஞ்சா என் மேல போடு. ரங்கக்காதான் வாங்கனான்னு சொல்லு. நான் வந்து பேசிக்கறன்."

நாகம்மா எரிகிற விறகை அடுப்பிலிருந்து வெளியே இழுத்துப் போட்டாள். அறைக் கதவுக்குப் பின்னால் சம்பங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது இருவருக்குமே தெரிந்தது. நாகம்மா கட்டை விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். ரங்கம்மா கொண்டுவந்திருந்த மையில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றினாள்.

கிருஷ்ணகிரியில் சம்பங்கி மூன்று ஆட்டம் ஜெயித்துக் கடைசி ஆட்டத்தில் தோற்றாள். இரண்டாவது பரிசு. எல்லாரும் பொழுதோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். ஆனால் சென்னப்பன் மூன்று நாள் தங்கவில்லை. மாடு விலை படியாமல் அன்று சாயங்காலமே திரும்பிக்கொண்டிருந்தான். வழியில் ஒரு மாட்டுத் தரகன், "ஒம் பொண்ணாமே, கிருஷ்ணகிரியில பாவாடையத் தூக்கிச் சொருகிக்கினு ஆம்பளைங்க முன்னால குதிக்கிது" என்று சிரித்திருக்கிறான்.

நாகம்மாவின் அலறல் நாலு வீடு தள்ளி ரங்கம்மாவுக்குக் கேட்டது. கையில் இருந்த முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். வாசலில் நின்ற கிருஷ்ணப்பன் அவள் கையைப் பிடித்தான்.

"அடுத்தவன் குடும்பம்க்கா. நீ போனா இன்னும் ரெண்டு அடிதான் அதிகம் வுழும்."

"நான் சொல்லியிருக்கறன்டா. என் மேல போடுன்னு சொல்லியிருக்கறன்."

"உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தம்பி பிடித்த பிடி அப்படி ஒன்றும் இறுக்கமானதல்ல. உதறியிருந்தால் விட்டிருப்பான். அது அவளுக்குத் தெரியும். சத்தம் ஓயும்வரை அவள் முறத்தில் இருந்த அவரைக்கொட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வைகாசியில் சம்பங்கிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஆஞ்சப்பன், மைசூர் எல்லைக்கு அப்பால் ஆனேக்கல் பக்கத்து ஊர். முப்பது வயது. கெட்டவன் என்று யாரும் சொல்லவில்லை. ரங்கம்மாவைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அண்டாப் பக்கம்தான். பெண்ணை ஏற்றிய வண்டி ஊரை விட்டுப் போகும் நேரத்தில் அவள் கொல்லையிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வண்டியைக் கண்டதும் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். "ரங்கத்தே" என்று சம்பங்கியின் குரல் ஒரு தடவை கேட்டது. பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. புகுந்த வீட்டுக்குப் போகிற பெண் தன் முகத்தில் விழிக்கக் கூடாது என்று ரங்கம்மா வெளியே வரவில்லை. மணிச்சத்தம் தேய்ந்த பிறகுதான் வந்தாள்.

மறு வருஷம் சித்திரையில் ஆனேக்கல் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்தான். சம்பங்கிக்கு இரண்டு நாளாகப் பிரசவ வலி, பிள்ளை புரளவில்லை, ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம், ஏரிக்கரை தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றான். பிள்ளையும் தங்கவில்லை. அவன் கன்னடத்தில்தான் சொன்னான். சின்னகுட்டையில் கன்னடம் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சென்னப்பன் மட்டும் தெரியாதவன்போல, "என்னா? என்னா சொல்ற?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் சின்னகுட்டையிலிருந்து சங்கத்துக்கு ஒரு பெண்கூடப் போகவில்லை. "சங்கத்துக்குப் போனா, அவசரத்துல கட்டிக் குடுத்தாங்க, செத்தா" என்று ஊர் பேசியது. யாரும் ரங்கம்மாவை நேராக ஒன்றும் சொல்லவில்லை. அவளும் புதன், சனி மத்தியானங்களில் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டாள்.

ஆடியில் சரோஜம்மாள் தேடி வந்தாள். கமலைக் கிணற்று மேட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் வரமாட்டன் சேவிகாம்மா" என்றாள் ரங்கம்மா முந்திக்கொண்டு. "என்னால ஒரு உசுரு போயிருச்சி."

"அந்தக் காகிதத்தை உங்க கையில கொடுத்து அனுப்பினது நான்தான்க்கா. நானே வந்து அவர் முன்னால நின்னு கேட்டிருக்கணும். ஒன்றரை மைல் நடக்கச் சோம்பல்னு வெச்சுக்குங்க. பயம்னும் வெச்சுக்குங்க" என்றாள் சரோஜம்மாள்.

ரங்கம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். படித்த பெண், உத்தியோகம் பார்க்கிறவள், அவளுக்கும் அதே வாசலில் பயம். அதைக் கேட்டு அவளுக்கு நிம்மதி வரவில்லை. பயந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, பயப்பட வேண்டிய ஒருத்தியை முன்னால் தள்ளியிருக்கிறோம் என்றுதான் தோன்றியது. அடி வாங்கியது நாகம்மா. போனது சம்பங்கி.

இரண்டு நாள் கழித்து ஒரு காலையில் அவள் சென்னப்பன் வீட்டுக்குப் போனாள். கொல்லைப் பக்கமாகப் போகவில்லை. தெருவாசலில் போய் நின்றாள். அவன் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். ஓர் ஆண்டுக்குள் தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணா, உங்களக் கேக்காம அன்னிக்குக் கைநாட்டு வாங்கனது நான். நாகம்மா பயந்தா. நான்தான் போட வெச்சன். அடிக்கும்போதே வந்து சொல்லியிருக்கணும். வரல."

சென்னப்பனின் கை நின்றது. திட்டுவான் என்று நினைத்தாள். எழுந்து அடிப்பான் என்றுகூட நினைத்தாள்.

"இப்ப சொல்லி?" என்றான்.

அவ்வளவுதான். மறுபடி கயிற்றைத் திரிக்கத் தொடங்கிவிட்டான். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள். உள்ளே நாகம்மா கேட்டிருப்பாள். வெளியே வரவில்லை.

அதன் பிறகு ரங்கம்மா ஒவ்வொரு வீடாகப் போனாள். தாய்மார்களைப் பார்க்க அல்ல, தகப்பன்மார்களைப் பார்க்க. இருபது வருஷமாக எந்த ஆண்பிள்ளை எதிரிலும் நிற்காதவள், சாணி வாரிக்கொண்டிருந்தவன் முன்னும், முகம் மழித்துக்கொண்டிருந்தவன் முன்னும் போய் நின்றாள். எங்கே போவார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், என்ன உடுத்தி ஆடுவார்கள், வெளியூர் போவதானால் யார் யார் கூட வருவார்கள் என்று ஒளிக்காமல் சொன்னாள். "ஒரு நாளு நீங்களே வந்து பாருங்க. புடிக்கலன்னா அங்கயே கையப் புடிச்சிக் கூட்டிக்கினு வந்துருங்க" என்றாள். ஒருவன் அவளை எதிரில் வராதே என்று விரட்டினான். மறுவாரம் அவன் வீட்டுக்கு மறுபடியும் போனாள். முதல் ஆறு மாதத்தில் இரண்டு பெண்கள் வந்தார்கள். அப்புறம் நாலு. ஒவ்வொரு தடவையும் ஒரு தாய் முறை வைத்துக் கூட நடக்கவேண்டும் என்று ஏற்பாடு. தகப்பன்மார்களில் இருவர் வந்து பார்த்தார்கள். ஒருவன் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், மற்றவன் விட்டுவைத்தான். அவளே தெருவில் இறங்கி நடப்பதைப் பற்றிக் கிருஷ்ணப்பனுக்கு வருத்தம்தான். ஆனால் அவன் மறுபடி அவள் கையைப் பிடிக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை சென்னப்பன் வீட்டு வாசலிலும் போய் நின்றாள். இளையவள் காவேரியை அனுப்பச் சொல்லி வாய் திறந்து கேட்டதில்லை. "இந்த வருசச் சங்கம் ஆரம்பிக்கப் போறம்ணா" என்று மட்டும் சொல்லுவாள். அவன் கை வேலையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் தையில் அப்படி நின்றபோது, உள்ளேயிருந்து நாகம்மாவின் குரல் வந்தது. புருஷன் காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

"காவேரிய அனுப்பறன்க்கா. நானும் கூட வர்றன்."

சென்னப்பன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை கிளம்பினார்கள். பெண்கள் ஐந்து பேர் முன்னால் போனார்கள். காவேரிக்குப் பத்து வயது. மற்றவர்களுக்குச் சமமாக நடக்க ஓடி ஓடிப் போனாள். பின்னால் ரங்கம்மாவும் நாகம்மாவும். வண்டித் தடம் முடிந்து தார்ச்சாலை ஏறினார்கள். மதகுக்குப் பக்கத்தில் வந்ததும் நாகம்மா நின்றாள்.

"அக்கா, அன்னிக்குக் கிருஷ்ணகிரியில அவ எப்புடி ஆடுனா?"

ரங்கம்மாவும் நின்றாள்.

"வந்ததும் கேக்கலாம்னு இருந்தன்" என்றாள் நாகம்மா. "அதுக்குள்ள அவரு வந்துட்டாரு. அப்பறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு. அவளும் சொல்லல. கல்யாணம் ஆயி ரெண்டு தடவ வந்தா. அப்பவும் நான் கேக்கல. எம் பொண்ணு ஆடி நான் பாத்ததே இல்லக்கா."

ரங்கம்மா சொன்னாள். தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். மலைக்கோட்டைக்கு அடியில் மைதானம், நல்ல வெயில், சம்பங்கி செருப்பில்லாமல் ஆடினாள். முதல் ஆட்டத்தில் எதிரில் நின்றவள் படித்த வீட்டுப் பெண், வெள்ளைத் தாவணி. நொட்டாங்கை வளையம் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் கடைசிவரை திணறினாள். மூன்றாவது ஆட்டத்தில் சம்பங்கி விழுந்து முழங்காலில் தோல் பெயர்ந்தது. மண்ணை அள்ளி அதன்மேல் தேய்த்துக்கொண்டு எழுந்து ஆடினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் அவளுக்காகக் கைதட்டினார்கள். ஊர் எது, பெயர் எது என்று கேட்டார்கள்.

"மண்ணையா தேச்சா?" என்று நாகம்மா கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, பாதியிலேயே கோணிக்கொண்டது. "சின்னதுலயும் அப்புடித்தான் செய்வா."

"ஆமா."

"தோத்ததும் அழுதாளா?"

"இல்ல. சிரிச்சிக்கினேதான் வந்தா. பஸ்ஸுல வர்றப்ப என்கிட்ட சொன்னா, 'அத்தே, நீங்க எங்கம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, நானே எல்லாத்தயும் சொல்றன்'னு. அதனாலதான் நாகம்மா, இத்தினி வருசமா நான் வாயத் தொறக்கல. அவ சொல்லியிருப்பான்னு நெனச்சன்."

"சொல்லவே இல்லியேக்கா" என்றாள் நாகம்மா.

மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. ரங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று யோசித்து, பிறகு அவள் முதுகில் கையை வைத்தாள். சாலையில் ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. முன்னால் போன பெண்கள் வெகுதூரம் போய்விட்டிருந்தார்கள். காவேரி மட்டும் நின்று திரும்பிப் பார்த்தாள். அம்மா ஏன் உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுக்குப் புரியவில்லை.

"போயிக்கினே இரு கண்ணு, வர்றம்" என்று ரங்கம்மா கையசைத்தாள்.

நாகம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உடனே எழவில்லை.

"அந்த மூணாவது ஆட்டத்த இன்னொருவாட்டி சொல்லுக்கா" என்றாள்.